குழந்தை இதய அறுவை மருத்துவர் ஆவது எப்படி: வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

முதலில் வருடக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம். பொது அறுவையில் எம்.எஸ். மூன்று வருடம். அதற்குமேல் இதய, நெஞ்சக அறுவையில் எம்.சிஎச். மூன்று வருடம். அப்புறம் குழந்தை இதய அறுவைக்கென்றே ஃபெலோஷிப், ஒன்றோ இரண்டோ வருடம். எங்கும் தடுக்கி விழாமல் போனாலே பதின்மூன்று வருடம் ஆகிவிடும். பிளஸ் டூ முடிக்கும்போது 18 வயது என்றால் 31. நடுவில் வரும் நுழைவுத் தேர்வுகள் ஒவ்வொன்றும் ஒரு வருடத்தைத் தின்னலாம். நான் முடிக்கும்போது எனக்கு 34 ஆயிற்று. முதுநிலைப் பயிற்சிக் காலத்தில் மாதாமாதம் உதவித்தொகை வரும். அதில் நம் செலவு நடக்கும், தங்கை கல்யாணம் நடக்காது.

இந்தக் கணக்கைக் கேட்ட பிறகும் போகலாம் என்று தோன்றுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், ஆற்காடு பக்கமிருந்து தேர்வு முடிவு வரும் நாட்களில் பிள்ளைகள் என்னிடம் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் படி வரிசையில் வைத்திருக்கிறேன்.

வேலை என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"ஹார்ட் டாக்டர்" என்று ஊரில் சொல்வது இரண்டு வேறு ஆட்களை. இதயநோய் மருத்துவர் எக்கோ (ஒலியலையால் எடுக்கும் இதயப் படம்) பார்ப்பார், மருந்து கொடுப்பார், தொடை வழியாகக் குழாய் விட்டுச் சில ஓட்டைகளை அடைப்பார். நெஞ்சைத் திறந்து தைப்பவர் அறுவை மருத்துவர். இருவரின் படிப்பும் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு பிரிந்துவிடும்.

பிறக்கும் 1000 குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கும். எல்லாருக்கும் கத்தி வேண்டியதில்லை. சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும். மீதிப் பேரில் சிலருக்கு முதல் வருடத்திலேயே, சிலருக்கு முதல் மாதத்திலேயே அறுவை செய்தாக வேண்டும்.

அதில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். பிறந்து பத்து நாளான குழந்தை, எடை மூன்று கிலோ. இதயம் அதன் கைப்பிடி அளவு. உடம்பில் ஓடுகிற ரத்தம் மொத்தமே சுமார் 250 மில்லி, நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் ஒன்று. மகாதமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்திருக்கின்றன. அதனால் உடம்பிலிருந்து வந்த ரத்தம் உடம்புக்கே திரும்பிப் போகிறது, நுரையீரலில் சுத்தமான ரத்தம் நுரையீரலுக்கே போகிறது. இரண்டு தமனியையும் வெட்டி இடம் மாற்றித் தைக்க வேண்டும்.

கேட்க அதுதான் பெரிய வேலை போல இருக்கும். கை வியர்க்கிற இடம் வேறு. இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கொரோனரி நாளங்கள் இரண்டும் பழைய தமனியின் அடியிலிருந்து கிளம்புகின்றன. அவற்றையும் பெயர்த்துப் புது இடத்தில் பதிக்க வேண்டும். சுற்றிலும் கொஞ்சம் சுவரோடு வட்டமாக வெட்டியெடுப்போம். தியேட்டரில் அதற்குப் "பட்டன்" என்றே பெயர். நாளத்தின் வாய் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். தைக்கிற 7-0 நூலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. பட்டன் கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும், கொஞ்சம் இழுபட்டாலும் ரத்தம் போகாது. தைத்து முடித்து, ரத்தத்தை நிறுத்திப் பிடித்திருந்த கிளாம்பை எடுத்ததும் வெளுத்துக் கிடந்த தசை சிவந்து வருகிறதா என்று எல்லாரும் பார்ப்போம். அந்த நேரத்தில் அங்கே பேச்சே இருக்காது. முழுக்கச் சிவந்தால் சரி. ஒரு மூலை மட்டும் கறுத்தே நின்றால் அந்தப் பட்டனைத் திரும்பப் பிரித்துத் தைக்க வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

இதை 1975இல் பிரேசிலில் அடிப் ஜடேனே முதன்முதலாக வெற்றியாகச் செய்தார். இன்று நம் நாட்டில் பல ஊர்களில் நடக்கிறது. வேலூருக்கும் இந்தத் துறைக்கும் உறவு பழையது. 1949இலேயே ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் சி.எம்.சி.யில் நெஞ்சக அறுவைக்குத் தனித் துறை தொடங்கினார். இந்தியாவில் அது முதல் துறை. நம் தாத்தா காலத்து ஆட்கள் ஆற்காடு ரோட்டில் வரிசையில் நின்ற அதே ஆஸ்பத்திரிதான்.

பள்ளிக்கூடத்தில்

இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் உள்ள பிரிவை எடுங்கள். நீட் தேர்வில் 180 கேள்வி, 720 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் பாதி உயிரியல். தமிழிலும் எழுதலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் தமிழ்நாட்டில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இது தெரியாமல் ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டுப் பின்னால் வருந்திய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். மாற்றுவதற்கு முன் இதையும் சேர்த்து யோசியுங்கள்.

பக்கத்திலேயே அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி 2005 முதல் இருக்கிறது. சி.எம்.சி.க்கும் நீட் கட்டாயம். ஆனால் சபைகளின் பரிந்துரை, படித்த பிறகு சேவை ஒப்பந்தம் என்று அதற்குத் தனி விதிகள் உண்டு. அந்த வருடத்துக் கையேட்டை முழுக்கப் படியுங்கள், யாரோ சொன்னதை நம்ப வேண்டாம்.

"எனக்குக் கை நடுங்குது சார், சர்ஜன் ஆக முடியுமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். லேசான நடுக்கம் எல்லாருக்கும் உண்டு. மணிக்கட்டை ஊன்றிக்கொள்ளக் கற்றுத் தருவார்கள், பழகினால் அடங்கிவிடும். பதினேழு வயதில் கையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எம்.பி.பி.எஸ். காலத்தில்

இந்த ஐந்தரை வருடத்தில் இதய அறுவைதான் என்று சத்தியம் செய்துகொள்ளத் தேவையில்லை. மூன்று காரியங்களை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள்.

முதல் வருட உடற்கூறியலில், கருவில் இதயம் எப்படி ஒரு குழாயாக இருந்து மடங்கி நாலு அறையாகிறது என்ற பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து விட்டுவிடாதீர்கள். களிமண்ணிலோ சப்பாத்தி மாவிலோ செய்து பாருங்கள். பிறவிக் குறை ஒவ்வொன்றும் அந்த மடிப்பு எங்கோ நின்றுபோனதன் கதைதான். அது புரிந்துவிட்டால் பத்து வருடம் கழித்துத் திறந்த நெஞ்சுக்கு முன்னால் நிற்கும்போது எதையும் மனப்பாடத்திலிருந்து தேட வேண்டியிருக்காது.

அடுத்தது முடிச்சு. கட்டில் கம்பியில், மேசை இழுப்பறைக் கைப்பிடியில் நூலைக் கட்டி இரண்டு கையாலும் போட்டுப் பழகுங்கள். நான் இதை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தேன். என் அப்பா குடியாத்தத்தில் லுங்கி நெய்தவர். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்துவார். இரண்டு நுனியையும் விரலில் ஈரம் தொட்டுச் சேர்த்து, மேடு தட்டாமல் முடிவார். முடிச்சு பெருத்தால் அச்சில் தடுக்கி மறுபடி அறும். இறுக்கி இழுத்தால் பக்கத்து இழை சுருங்கும். எவ்வளவு இழுக்கலாம் என்பதைக் கண்ணால் பார்க்கமாட்டார், விரல் சொல்லும். பின்னாளில் என் பேராசிரியர் 7-0 நூலைப் பற்றிச் சொன்னதும் இதையேதான். உங்கள் வீட்டில் பீடி சுற்றுகிறவர்களோ தோல் தைக்கிறவர்களோ இருந்தால் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் விரலைப் பாருங்கள்.

மூன்றாவது, குழந்தைகள் நல வெளிநோயாளர் பிரிவில் உட்காருவது. பயிற்சி மருத்துவராக ஜவ்வாது மலை அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தபோது ஆறு வயதுப் பெண் குழந்தையைச் சளி என்று கூட்டி வந்தார்கள். வாசலில் மற்றப் பிள்ளைகளோடு ஓடியவள் பாதியில் நின்று குந்தி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மறுபடி ஓடினாள், மறுபடி குந்தினாள். "சோம்பேறி சார், எப்பவும் இப்படித்தான் குந்திக்குவா" என்றார் அம்மா. விரல் நுனிகள் உருண்டு தடித்திருந்தன, நகமும் உதடும் நாவல்பழம் தின்றாற்போல நீலம். குந்தும்போது காலுக்குப் போகும் ரத்தத்துக்குத் தடை கூடும், அதனால் நுரையீரலுக்குக் கொஞ்சம் அதிக ரத்தம் போகும். யாரும் சொல்லித் தராமலே அந்தக் குழந்தை தனக்கு மூச்சு வரும் வழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். இதயத்தில் நான்கு குறைகள் சேர்ந்து வரும் இதை ஃபாலோ நான்கு குறை என்று புத்தகத்தில் படித்திருந்தேன், அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். நாலு மாதத்தில் அறுவை நடந்தது. நான் இந்த வழிக்கு வந்தது அந்தக் குழந்தையால்தான்.

பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் போய்க் குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. குழு மாவட்டத்தில் உண்டு. பயிற்சிக் காலத்தில் ஒரு வாரமாவது அவர்களோடு போய் வாருங்கள்.

முதுநிலை: இங்கேதான் பலர் தவறான வாசலில் நுழைகிறார்கள்

குழந்தை அறுவை எம்.சிஎச். என்று ஒரு படிப்பு இருக்கிறது. பெயரைப் பார்த்து அதுதான் என்று நினைக்காதீர்கள். அவர்கள் குடல், சிறுநீரகம், நுரையீரல் போன்றவற்றைப் பார்ப்பவர்கள். இதயம் அவர்கள் எல்லையில் வராது. நீங்கள் போக வேண்டியது சி.டி.வி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் இதய, நெஞ்சக, ரத்தநாள அறுவை.

அதற்கு இரண்டு வழி. ஒன்று நீட் பி.ஜி. எழுதிப் பொது அறுவை எம்.எஸ்., பிறகு நீட் எஸ்.எஸ். எழுதி எம்.சிஎச். இன்னொன்று எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேராக ஆறு வருடப் படிப்பு. எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற நிறுவனங்களுக்கு ஐ.என்.ஐ. தேர்வு தனி.

நேரடி வழியில் வருடம் மிச்சமாகும் என்று நினைக்கிறார்கள். மூன்றும் மூன்றும் ஆறுதான், வருடம் மிச்சமில்லை. மிச்சமாவது நடுவில் ஒரு நுழைவுத் தேர்வு. பதிலுக்கு ஒரு விலை உண்டு. மூன்றாவது வருடம் இது நமக்கு ஒத்துவராது என்று தெரிந்தால் கையில் எம்.எஸ். இருக்காது. மனம் உறுதியாக இருப்பவர்கள் நேராகப் போகலாம். கொஞ்சமாவது தயக்கம் இருந்தால் எம்.எஸ். வழியே போங்கள் என்றுதான் நான் சொல்வேன். வயிற்று அறுவையில் கழிந்த மூன்று வருடம் வீணாகாது, நள்ளிரவில் ரத்தம் கொட்டும்போது பதறாமல் இருக்க அங்கேதான் கற்றேன்.

அரசு இடத்தில் படித்தால் ஒப்பந்தச் சேவை இருக்கும். காலமும் தொகையும் அவ்வப்போது மாறும். கையெழுத்துப் போடும் முன் அப்பா, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள், ஏனென்றால் பணம் கட்ட நேர்ந்தால் அது வீட்டுப் பணம்.

எம்.சிஎச். மூன்று வருடம்

இங்கே பெரும்பகுதி பெரியவர்களின் இதயம்தான். பைபாஸ், வால்வு, காலிலிருந்து ரத்தநாளம் எடுப்பது. குழந்தைக்காக வந்தோமே என்று சலிக்காதீர்கள். அறுவையின்போது இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் செய்யும் இதய நுரையீரல் இயந்திரத்தை, எங்கள் பேச்சில் பம்ப், கரைத்துக் குடிக்க வேண்டிய காலம் இது. இயக்குபவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு குழாயும் எங்கிருந்து எங்கே போகிறது என்று கேளுங்கள். இடம் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு அங்கே வாரத்துக்கு எத்தனை அறுவை நடக்கிறது என்று கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கி வந்து தைத்துப் பழகுவோம். கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் மேலே உள்ள குழாய்களை நறுக்காமல் நீளமாக விட்டுத் தருவார். அந்த நீளம்தான் நமக்கு வேண்டும்.

ஃபெலோஷிப்: என் தவறிலிருந்து

முதல் முறை ஒரு பெரிய நகரத்துத் தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் குழந்தை அறுவை நடக்கிறது என்றார்கள், உண்மைதான். ஆனால் ஒரு வருடம் முழுக்க நான் நெஞ்சைத் திறந்தேன், மூடினேன், இரவில் ஐ.சி.யு. பார்த்தேன். ஓர் ஓட்டையைக்கூட என் கையால் அடைக்கவில்லை. கேட்டபோது "அடுத்த மாதம்" என்றார்கள். அங்கே எத்தனை அறுவை என்று கேட்டேனே தவிர, ஃபெலோ கையால் எத்தனை என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் முக்கியம். துறைத் தலைவரிடம் கேட்காதீர்கள். போன வருடம் அங்கே முடித்துப் போனவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

இரண்டாவது இடத்தில் முதல் வாரமே மேற்பார்வையோடு இதயத்தின் மேலறைச் சுவரில் உள்ள ஓட்டை ஒன்றை அடைக்கவிட்டார்கள். ஒரு வருடம் போனாலும் சரியான இடம் கிடைத்தது.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். குழந்தையின் வயது, எடை, குறை, நான் செய்தது எது, சீனியர் செய்தது எது, இதயத்தை நிறுத்திவைத்த நிமிடம், முப்பதாம் நாள் குழந்தை எப்படி இருந்தது. வேலை கேட்டுப் போகும்போது உங்களைப் பற்றிப் பேசப்போவது அந்த நோட்டுதான். பொய் எழுதாதீர்கள், இறந்துபோன குழந்தைகளையும் எழுதுங்கள்.

பெற்றோரிடம் பேசக் கற்றுக்கொள்வது

இதை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் பார்க்கவில்லை. தாயும் தகப்பனும் மட்டும் வரமாட்டார்கள், பாட்டி, மாமன், ஊர்ப் பெரியவர் என்று ஆறு பேர் இருப்பார்கள். முடிவெடுப்பவர் யார் என்று முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடியுங்கள். ஆனால் பேசும்போது தாயைப் பார்த்துப் பேசுங்கள். தாளில் நாலு கட்டம் போட்டு அம்புக்குறியால் ரத்தம் போகும் வழியைக் காட்டினால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்வார். அந்தத் தாளை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

"சொந்தத்தில் கட்டினதாலயா சார்?" என்று கேட்பார்கள். நம் பக்கத்தில் அக்கா மகள், மாமன் மகள் கல்யாணம் சாதாரணம். நெருங்கிய சொந்தத்தில் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் சொந்தமே இல்லாதவர்களுக்கும் இந்தக் குழந்தைகள் பிறக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால், வீட்டில் யாரோ அந்தத் தாயைக் குற்றவாளி ஆக்கியிருப்பார்கள். எல்லார் முன்னாலும் உரக்கச் சொல்லுங்கள்: "இது உங்கள் தப்பு இல்லை."

பணம் பற்றி அவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள், நாமே ஆரம்பிக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குழந்தை இதய அறுவைகளும் அதில் வரும். அட்டை இருக்கிறதா, குழந்தை பெயர் ரேஷன் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். பெயர் ஏறாததால் அலையும் பச்சிளம் குழந்தைகள் உண்டு.

குழந்தை போய்விட்டால் நீங்களே வெளியே வந்து சொல்லுங்கள். நர்ஸையோ ஜூனியரையோ அனுப்பாதீர்கள். உட்கார்ந்து சொல்லுங்கள். "இறந்துவிட்டது" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள், சுற்றி வளைத்தால் அவர்கள் நம்பிக்கையோடு காத்திருப்பார்கள். நான் முதல்முறை அப்படிச் சுற்றி வளைத்தேன். ஒரு தகப்பன் பத்து நிமிடம் கழித்து என்னிடம் வந்து, "எப்ப சார் வார்டுக்கு மாத்துவீங்க?" என்று கேட்டார்.

வீட்டில் பேச வேண்டியது

முப்பது வயதில் கூடப் படித்தவன் கார் வாங்கியிருப்பான், நீங்கள் விடுதியில் இருப்பீர்கள். இதைப் பிளஸ் டூ முடிக்கும்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். பெண் பிள்ளைகளிடம் "கல்யாணம் ஆகி எப்படி இதெல்லாம்" என்பார்கள். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி 1918இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்றே தொடங்கிய மருத்துவப் பள்ளி என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். ஆண்கள் சேர்ந்தது அதற்குப் பல வருடம் கழித்து.

எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கவில்லை என்றால் இந்தக் குழந்தைகளை விட்டு விலகிப் போக வேண்டும் என்பதில்லை. பம்ப் இயக்குபவர், எக்கோ எடுப்பவர், மயக்க மருந்துத் தொழில்நுட்பர், குழந்தை ஐ.சி.யு. நர்ஸ் எல்லாருக்கும் பிளஸ் டூவுக்குப் பிறகு பட்டப்படிப்புகள் உண்டு. 1944இல் அமெரிக்காவில் பால்டிமோரில் நீலக் குழந்தைக்கு முதல் அறுவை நடந்தபோது, அதைச் செய்த ஆல்ஃபிரட் பிளாலக்கின் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று தையல் தையலாக வழி சொன்னவர் விவியன் தாமஸ். அவர் மருத்துவர் அல்ல, ஆய்வுக்கூட உதவியாளர். மருத்துவம் படிக்கச் சேர்த்த பணம் வங்கி மூழ்கியபோது போய்விட்டது. ஆனாலும் அந்த அறுவையை ஆய்வுக்கூடத்தில் நாய்களிடம் செய்து தேர்ந்த கை அவருடையதுதான்.

இப்போதே செய்யக்கூடிய ஒன்று

குழந்தைக்கு பம்ப் போடும்போது அதன் குழாய்களை வெறும் உப்புநீரால் நிரப்பினால் குழந்தையின் டம்ளர் ரத்தம் நீர்த்துப்போகும். அதனால் தானம் வந்த ரத்தத்தைக் கலந்து நிரப்புகிறோம், அதுவும் எடுத்துச் சில நாளுக்குள் இருக்கிற புதிய ரத்தமாகப் பார்த்து. 18 வயது முடிந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ரத்தசோகை இல்லாமல் இருந்தால் நீங்கள் கொடுக்கலாம். ஒரு பை 350 மில்லி, அந்தக் குழந்தையின் உடம்பில் ஓடுவதைவிட அதிகம். கல்லூரியில் சேரும் முன்பே, பிறந்தநாள் முடிந்த வாரத்தில், காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு அரசு ரத்த வங்கிக்குப் போய் வாருங்கள்.